அஞ்சறைப் பெட்டிக்குள் கருப்பு: யாங்கோனில் ஓர் ஆர்டர், ஒரு நிகழ்வு ஆய்வு

"கல்யாணத்துக்கு வந்தவங்க கையில எவர்சில்வர் டப்பாவக் குடுத்து அனுப்ப மனசு வரல தம்பி. பர்மாவுல இருக்கோம். பர்மாச் சாமானா இருந்தா என்ன?"

யாங்கோனில் மளிகைக் கடை வைத்திருக்கும் அக்கா ஒருவர் இப்படித்தான் ஆரம்பித்தார். திஞ்சான் தண்ணீர்த் திருவிழா முடிந்து கடைகள் திறந்த வாரம் அது. மகளுக்குத் தை மாதம் கல்யாணம். தாம்பூலத்தோடு கொடுக்க 60 அஞ்சறைப் பெட்டி வேண்டும். பார்த்ததும் பர்மா என்று தெரிய வேண்டும், ஆனால் நம் அடுப்படியில் புழங்கவும் வேண்டும்.

எங்கள் பட்டறை சின்னது, என்னையும் சேர்த்து மூன்று பேர். வரைவது நாங்கள். செய்து கொடுப்பவர்கள் அந்தந்த ஊர்க் கைவினைஞர்கள். நோட்டில் 60 என்று எழுதிக்கொண்டேன். தை மாதம் நான் கொண்டுபோய்க் கொடுத்தது 9. அந்த ஒன்பதும் முதலில் வரைந்த வடிவத்தில் இல்லை. எண்ணிக்கை ஏன் சுருங்கியது, வடிவம் ஏன் மாறியது என்பதை, அடுத்து இப்படி ஒரு வேலை எடுப்பவர்களுக்காக எழுதி வைக்கிறேன்.

தேக்கில் தொடங்கினோம்

அக்கா முதலில் கேட்டது தேக்கு. தமிழில் 'பர்மா தேக்கு' என்பது மரத்தின் பெயராக மட்டும் இல்லை, அது ஒரு நற்சான்று. செட்டிநாட்டு வீட்டுத் தூண்களைக் கட்டிப்பிடித்துப் பார்த்தவர்களுக்கு அது தெரியும். அந்தப் பெருமையைக் கையளவு பெட்டிக்குள் அடக்கலாம் என்று நானும் நம்பி, ஒரு சாம்பிள் செய்து பார்த்தேன்.

சரிப்படவில்லை. தேக்குக்குள் இயல்பாகவே எண்ணெய் உண்டு. கரையான் அண்டாததற்கு அதுவும் ஒரு காரணம். அந்த எண்ணெய்க்குப் பழைய தோல் பை மாதிரி ஒரு வாசனை இருக்கிறது. தூணில் அது மணம், சீரகத்தில் அது குற்றம். பத்து நாள் போட்டு வைத்த சீரகத்தை வறுத்தபோது எங்கள் பட்டறைப் பெண் முகத்தைச் சுளித்தாள். அதோடு, தேக்கின் கௌரவம் அதன் கனத்திலும் நீளத்திலும் இருக்கிறது. சின்னதாக வெட்டிக் குழி தோண்டினால் அது வெறும் பழுப்பு மரம். சரி என்று அதை விட்டுவிட்டு, பாகானுக்குப் பஸ் ஏறினேன்.

பெயரால் வந்த வினை

பாகான் என்றால் யுன் வேலை. மூங்கிலைச் சீவிப் பின்னி, அதன்மேல் மரப்பால் பூசிப் பூசி இறுக்கி, எழுத்தாணி போன்ற ஊசியால் கீறி வண்ணம் ஏற்றும் பாத்திரங்கள். பூசும் பாலுக்கு பர்மிய மொழியில் தித்சி என்று பெயர். பெரும்பாலும் ஷான் மாநிலத்துக் காடுகளில் மரத்தைக் கீறி எடுக்கிறார்கள். பாகானில் இந்தத் தொழிலைக் கற்றுக்கொடுக்க 1924லேயே ஒரு பள்ளி ஏற்பட்டது, இன்றும் இருக்கிறது.

ஊர் திரும்பி அக்காவிடம் "அரக்கு வேலைப் பெட்டி செய்யலாம்" என்றேன். நான் செய்த முதல் பெரிய தப்பு அந்த ஒரு சொல்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவர் மாமியார், வீட்டுக்கே அப்பத்தா, உடனே கேட்டார்: "அரக்கா? அடுப்பு பக்கத்துல வச்சா உருகிடாதா? பாண்டவங்க வீடே பத்திக்கிட்டு எரிஞ்சுதேப்பா!"

அப்பத்தா சொன்னதில் பிழை இல்லை. நாம் அரக்கு என்பது ஒரு பூச்சி மரக்கிளையில் கசியவிடும் பிசின். முத்திரை வைக்கவும், கடைசல் பொம்மைக்கு வண்ணம் ஏற்றவும் உதவுவது. சூட்டில் இளகும், சாராயத்தில் கரையும், தீயில் நன்றாகவே எரியும். தித்சிக்கும் அதற்கும் உறவே கிடையாது. தித்சி முந்திரி, மாங்காய்க் குடும்பத்து மரத்தின் பால். நம் சேங்கொட்டையும் அதே குடும்பம். வண்ணான் துணியில் குறி வைப்பாரே, கையில் பட்டால் தோல் கொப்பளிக்குமே, அந்தச் சேங்கொட்டை. தித்சியும் பச்சையாக இருக்கும்போது அப்படித்தான் கடிக்கும். முதல் தடவை பட்டறையில் இரண்டு நாள் நின்றதற்கே என் முழங்கை தடித்துப்போனது. ஆனால் இறுகிவிட்டால் கடியும் போய்விடும், இளகவும் இளகாது. தண்ணீருக்கும் எண்ணெய்க்கும் புளிக்கும் அசைந்து கொடுக்காது. அதற்கு ஆகாதது வெயிலும் வறட்டுக் காற்றும்தான்.

இதையெல்லாம் சொல்லி விளக்கி என்ன பயன்? பாகானில் வாங்கிய ஒரு கிண்ணத்தை மேஜையில் வைத்து, கொதிக்கக் கொதிக்கத் தேநீரை ஊற்றினேன். அப்பத்தா ஐந்து நிமிஷம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு விரலை விட்டு அடியைத் தடவினார். "இது அரக்கு இல்ல. எங்கம்மா இத மரவைன்னு சொல்லும்" என்றார்.

அன்றிலிருந்து எங்கள் தாள்களில் 'அரக்கு' கிடையாது, 'மரவை'தான். ஒரு பொருளைப் பற்றிய நினைப்பு அதைத் தொடும் முன்பே அதன் பெயரோடு வந்து உட்கார்ந்துகொள்கிறது. அகராதியில் சரியாக இருப்பதும் வாங்குபவர் மனசில் சரியாக இருப்பதும் ஒன்றல்ல.

எவர்சில்வரைப் பார்த்து வரைந்தது

முதல் மாதிரி: வட்டத் தட்டு, நடுவில் ஒன்றும் சுற்றி ஆறுமாக ஏழு கிண்ணம், மேலே தட்டையான மூடி. எந்தப் பாத்திரக் கடையிலும் தொங்கும் எவர்சில்வர் பெட்டிதான், தித்சியில். அஞ்சறை என்று பெயர், ஏழு கிண்ணம் என்று கணக்கு. அதை யாரும் கேட்பதில்லை.

பாகானுக்கு வெளியே மியின்கபா பக்கம் எங்களுக்கு வேலை செய்பவரை நாங்கள் சயா என்றுதான் கூப்பிடுவோம். ஆசான் என்று பொருள். வரைபடத்தை வாங்கி, தலைகீழாகத் திருப்பி, மறுபடி நேராக்கிப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. செய்து அனுப்பினார்.

வந்ததைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. தட்டை மூடி லேசாக வளைந்திருந்தது. கிண்ணங்கள் தனித்தனியாக ஆடின. எவர்சில்வரில் கிண்ணம் தன் கனத்தால் உட்காரும். மூங்கில் கிண்ணத்துக்குக் கனமே இல்லை, கடுகை அள்ளினால் கிண்ணமும் கரண்டியோடு எழுந்து வந்தது. அப்பத்தா இரண்டு தடவை திறந்து மூடிவிட்டு, "சத்தமே இல்லையே" என்றார். அதை நான் முதலில் பாராட்டாக எடுத்துக்கொண்டேன். இல்லை, குறைதான். அறுபது வருஷமாகக் காலையில் அந்தக் கிளிங் கேட்டுத்தான் அவருக்குத் தாளிப்பு தொடங்குகிறது.

நெதர்லாந்தின் டெல்ஃப்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எல்வின் கரானாவும் உடன் பணியாற்றியவர்களும் 2015ல் ஒரு வடிவமைப்பு முறையை எழுதினார்கள். வடிவத்தை முடிவு செய்துவிட்டுப் பொருளைத் தேடாதே, பொருளைக் கையில் எடுத்துக்கொண்டு தொடங்கு என்பது அதன் சாரம். பொருள் புலனுக்கு எப்படி இருக்கிறது, எதை நினைவூட்டுகிறது, என்ன உணர்வைக் கிளப்புகிறது, கையை என்ன செய்ய வைக்கிறது என்று பார்க்கச் சொல்கிறார்கள். நான் அதைப் படித்தவன்தான். படித்தும் எவர்சில்வர் பெட்டியைப் பார்த்தே வரைந்தேன். கையை என்ன செய்ய வைக்கிறது என்ற அந்தக் கடைசிக் கேள்வியை, சயாவின் பட்டறைத் திண்ணையில் மூன்று நாள் சும்மா உட்கார்ந்தபோதுதான் கேட்டேன்.

திண்ணையில் பார்த்தது

சயாவின் மகள் மூங்கிலை ரிப்பன் அகலத்துக்குச் சீவி வைத்திருந்தாள். அதைச் சுருட்டிச் சுருட்டி, அகல் திரி சுற்றுவதுபோல, ஒரு வட்டம் ஆக்கினாள். பிறகு நடுவில் கட்டைவிரலை வைத்து அழுத்தினாள். தட்டையாக இருந்த சுருள், அழுத்த அழுத்தக் கிண்ணமாகக் குழிந்தது. பசை இல்லை, ஆணி இல்லை. மூங்கில் தன் விறைப்பிலேயே நிற்கிறது. மூங்கிலுக்கு வட்டமும் குழிவும் இயல்பு என்று அப்போது புரிந்தது. தட்டையும் மூலையும் நான் அதன்மேல் திணித்தவை. இதைவிட மெல்லிய வேலையில் குதிரைவால் மயிரைச் சேர்த்துப் பின்னுகிறார்கள். அந்தக் கிண்ணத்தின் எதிரெதிர் விளிம்புகளைப் பிடித்து அமுக்கினால் ஒன்றையொன்று தொடும், விட்டால் பழையபடி வட்டம்.

அடுத்தது பூச்சு. பிரஷ் இல்லை, சயா வெறுங்கையால் பூசினார். சாம்பலோ மரத்தூளோ கலந்த தித்சி மாவை இடைவெளிகளில் அப்பி, காய்ந்ததும் தேய்த்து, அதன்மேல் வெறும் தித்சி. ஒவ்வொரு பூச்சுக்கும் நிலத்தடி அறையில் ஒரு வாரம்போல இருக்க வேண்டும். ஏன் நிலத்தடி? தித்சி நம் பெயின்ட் மாதிரி உலர்ந்து காய்வதில்லை. அதிலுள்ள ஒரு நொதி, காற்றில் ஈரம் இருந்தால்தான் வேலை செய்து பாலை இறுக்கும். பாகானோ பர்மாவின் வறண்ட நடுப்பகுதி. யாங்கோன் மழையில் நாலில் ஒரு பங்கு அங்கே பெய்தால் பெரிய விஷயம். அதனால் ஈரத்தை மண்ணுக்கடியில் தேடிப் போகிறார்கள். இவ்வளவு வறண்ட ஊரில் ஈரம் கேட்கும் தொழில் வேர்விட்டிருப்பது எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம்தான்.

மூன்றாம் நாள் சயாவின் மனைவி, லபெ என்கிற தேயிலைப் பண்டத்தைக் கொண்டுவந்து வைத்தார். ஊறவைத்த தேயிலை நடுவில், சுற்றிலும் வறுத்த பூண்டு, எள், வேர்க்கடலை, காய்ந்த கூனி இறால். எல்லாம் ஒரே வட்ட மரவைக்குள், அறை அறையாகத் தடுத்தது. யாங்கோனில் எங்கள் வீட்டிலும் விருந்தாளி வந்தால் இதுதான். நூறு தடவையாவது அதிலிருந்து அள்ளித் தின்றிருப்பேன். அன்றுதான் கண்ணில் பட்டது: இது அஞ்சறைப் பெட்டி. பர்மியர்கள் எப்போதோ செய்து வைத்துவிட்டார்கள்.

சயாவிடம் சொன்னேன். "நீ வரைந்துகொண்டு வந்தபோதே எனக்கு இது ஞாபகம் வந்தது. நீ படித்தவன், வேறு எதையோ நினைத்திருப்பாய் என்று விட்டுவிட்டேன்" என்றார். அந்த மௌனத்தின் விலை இரண்டு மாதம்.

புதிய வடிவம் இரண்டு பழைய பாத்திரங்களிலிருந்து வந்தது. உள்தட்டு லபெ பெட்டியிலிருந்து, மூடி வெற்றிலைப் பெட்டியிலிருந்து. பர்மிய வெற்றிலைப் பெட்டியின் மூடி ஏறக்குறைய அடிவரை இறங்கி உடலை மூடும். நன்றாகச் செய்த பெட்டியில் மூடியை வைத்துக் கையை எடுத்துவிட்டால், அது விழாது. உள்ளே இருக்கும் காற்றை ஓரமாக வெளியேற்றிக்கொண்டு, தானாக மெதுவாக இறங்கி, கடைசியில் 'புஸ்' என்று உட்காரும். மசாலாவின் மணம் போகாமல் இருக்க இதைவிட என்ன வேண்டும்? கிளிங்குக்குப் பதிலாக ஒரு புஸ். அப்பத்தா அதை நாலு தடவை இறக்கிப் பார்த்தார். அவர் முதன்முதலாகச் சிரித்தது அப்போதுதான்.

நிறம்

இங்கேதான் பெரிய சண்டை. அக்கா கேட்டது உள்ளும் புறமும் சிவப்பு. கல்யாணச் சாமான் அல்லவா.

ஆனால் மரபான யுன் வேலையில் சிவப்பு என்பது ஜாதிலிங்கம், அதாவது பாதரசமும் கந்தகமும். மஞ்சள் என்பது அரிதாரம், அதில் பாஷாணம் இருக்கிறது. பச்சை வேண்டுமென்றால் அரிதாரத்தோடு அவுரி நீலம் கலப்பார்கள். சித்த வைத்தியர் வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இந்தப் பெயர்கள் பழக்கம், எச்சரிக்கையும் பழக்கம். இப்போது பல பட்டறைகளில் கடை வண்ணம் வந்துவிட்டது. ஆனால் எந்தப் பொட்டலத்தில் என்ன இருக்கிறது என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. தினம் கரண்டி உரசும் இடத்தில் எந்த வண்ணமும் வேண்டாம், உள்ளே வெறும் தித்சி மட்டும் என்றேன். வெறும் தித்சியின் நிறம் கருப்பு.

"கல்யாணத் தட்டுல கருப்பா? என்ன பேசுற?" அக்கா எழுந்தே போய்விட்டார். சிவப்பில் வேறு ஒரு சிக்கலும் இருந்தது, அதை அவரிடம் நான் சொல்லவில்லை. சிவப்பு மரவையை, அதுவும் கூம்பு மூடியோடு பார்த்தால், பர்மியக் கண்ணுக்கு அது பிக்குகளுக்கு அன்னம் கொண்டுபோகும் பாத்திரம். அதனால் கூம்பு மூடியை முதலிலேயே தவிர்த்திருந்தேன்.

முடிச்சை அவிழ்த்தது அப்பத்தா. பெட்டியைக் கல்யாணத் தட்டிலிருந்து எடுத்துக்கொண்டு போய் அடுப்பு மேடையில் வைத்தார். "இங்க பாரு. அம்மி கருப்பு, தோசக்கல்லு கருப்பு, இருப்புச்சட்டி கருப்பு. அடுப்படியில கருப்புன்னா நம்ம வீட்டுப் பொருளுன்னு அர்த்தம். தட்டுல வைக்கும்போது மூடி சிவப்பா இருந்தாப் போதும், யாரு தொறந்து பாக்கப் போறா?"

நிறத்தின் அர்த்தம் அது இருக்கும் இடத்தோடு மாறுகிறது என்பதை எந்த வகுப்பிலும் எனக்கு இவ்வளவு சுருக்கமாகச் சொல்லித் தரவில்லை. வெளியே சிவப்பு, உள்ளே கருப்பு என்று முடிவானது. கருப்புக்குப் போனஸாக ஒன்று: மஞ்சள்தூள் கறை தெரியாது. கருப்பு அறையில் மஞ்சளும் மிளகாயும் கொட்டி வைத்தபோது அக்காவே, "நகைக்கடை மாதிரி இருக்கு" என்றார். மிளகுதான் பாவம், அறையோடு அறையாகக் காணாமல் போயிற்று.

மூடியில் பெண், மாப்பிள்ளை பெயர் கீறச் சொன்னார்கள். கீறுபவருக்குத் தமிழ் தெரியாது. எழுத்தைப் படமாகத்தான் பார்த்தார். வட்ட எழுத்திலேயே வளர்ந்த கை, 'ட'வின் மூலையையும் வளைத்துவிட்டது. திருத்தச் சொல்லலாமா என்று யோசித்தோம். பெண்தான் "அப்படியே இருக்கட்டும், பர்மாவுல பொறந்த 'ட'" என்றாள்.

60 எப்படி 9 ஆனது

கணக்குப் போட்டால் புரியும். உள்ளும் புறமுமாகப் பூச்சுகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு வாரம், இடையில் தேய்ப்பு, கடைசியில் கீறலும் வண்ணமும். முதல் மாதிரியில் வீணான இரண்டு மாதத்தைக் கழித்தால் தை மாதத்துக்குள் 60 நடக்காது. பூச்சைப் பாதியாகக் குறைத்து, மேலே கடைப் பெயின்ட் அடித்தால் நடக்கும். சந்தையில் அப்படிப்பட்ட சரக்கு நிறைய, எடுத்துச் சொல்லாவிட்டால் வித்தியாசம் தெரியாது. ஒரு ராத்திரி முழுக்க நான் அந்த யோசனையில்தான் இருந்தேன். பாதி ஒப்புக்கொண்டுவிட்டேன் என்றே சொல்லலாம். சயா ஒத்துக்கொள்ளவில்லை. "அது தண்ணீர்க் குவளைக்குச் சரி. மிளகாய்த்தூள் போடும் பெட்டிக்கு நான் செய்ய மாட்டேன்."

அக்காவிடம் போய் உள்ளதைச் சொன்னேன். திட்டு விழுந்தது. பிறகு அவரே வழியும் சொன்னார்: வீட்டுப் பெண்கள் ஒன்பது பேருக்கு மட்டும் மரவை, மற்றவர்களுக்கு எவர்சில்வர் டம்ளர்.

கொடுப்பதற்கு முன் இன்னொரு தொல்லை, வாசனை. புது மரவைக்கு ஒரு காட்டமான புளித்த வாடை உண்டு. நிழலில் திறந்து வைத்து, அரிசியைக் கொட்டி, மாற்றி, மறுபடி கொட்டி, மூன்று வாரம் ஆயிற்று. அதன் பிறகும் சீரகத்தில் லேசாக ஏறியது. கடுகு, வெந்தயம், மிளகு எதற்கும் ஒன்றும் ஆகவில்லை. சீரகம் ஊர் வாசனையெல்லாம் வாங்கிக்கொள்ளும் என்று தேக்கிலேயே பாடம் படித்திருக்க வேண்டும்.

பதினான்கு மாதம் கழித்து

வேலை முடிந்ததும் படம் எடுத்துப் போட்டுவிட்டுப் போவது எங்கள் தொழிலின் கெட்ட பழக்கம். இந்தத் தடவை வீடு வீடாகப் போய்ப் பார்த்தேன். ஒன்பதில் நான்கு அடுப்படியில், மசாலாவோடு. இரண்டு கண்ணாடி அலமாரியில், திறந்ததே இல்லை. ஒன்று சாமி அறையில், விபூதி, குங்குமம், சந்தனம். ஒன்றில் ஊசி நூல். ஒன்றில் லபெயே வைத்திருந்தார்கள். அதைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்தது, சரிதானே.

அடுப்படி நான்கில் ஒன்றின் மூடி வெளுத்திருந்தது. ஜன்னல் வெயில் விழும் இடம். மூன்று வீடுகளில் எவர்சில்வர் கரண்டியே உள்ளே கிடந்தது, கருப்புத் தரையில் மெல்லிய கீறல்கள். பெட்டியோடு நாங்கள் கொடுத்த சிரட்டைக் கரண்டி எங்கே என்று கேட்டேன். யாருக்கும் தெரியவில்லை. அறைக்குள் சரியாகப் போகாத அகலத்தில் அதைச் செய்தது எங்கள் தப்பு.

அப்பத்தாவின் பெட்டியில் மூடி இன்னும் மெதுவாகத்தான் இறங்குகிறது. பெருவிரல் வைத்துத் தூக்கும் இடத்தில் சிவப்பு தேய்ந்து, அடியிலிருந்த கருப்பு ஒரு நகம் அளவுக்குத் தெரிகிறது. பூசித் தரட்டுமா என்றேன். "எதுக்கு? அங்கதான புடிக்கணும்னு கைக்குத் தெரியுது" என்றார். ஆனால் ஓர் அறையில் பெருங்காயம் போட்டிருந்தார். அதைக் காலி செய்து, கழுவி, வெயிலில் வைக்காமல் நிழலில் காயவைத்து, அரிசி போட்டு, எல்லாம் செய்தும் போகவில்லை. கூனிப்பொடி அந்த அறைக்குப் பக்கத்தில் இருக்கப் பிடிக்காமல் தனி டப்பாவுக்குப் போய்விட்டது. ரங்கூன் தமிழ் வீட்டில் கூனிப்பொடி இல்லாமல் என்ன மசாலாப் பெட்டி என்று அக்காவும் குறைபட்டார்.

அவர் தங்கை மகளுக்கு ஆவணியில் கல்யாணம். இந்தத் தடவையும் ஒன்பது மாதம் முன்பே, ஆனால் ஐந்தே பெட்டிக்குச் சொல்லிவிட்டார். அறை ஆறு, கூனிக்கு நடுவில் மூடியோடு தனி அறை, கரண்டி ஒடுக்கம். பாகானில் நிலத்தடி அறையில் நாலாவது பூச்சில் இருக்கின்றன. பெருங்காயத்துக்கு அதில் இடம் வைக்கவில்லை.